செபெட்டின் இடுப்பு வலி

உலக நலவாழ்வுப் படிப்பில் சேர்ந்த எல்லோருக்கும் பல்கலைக்கழகம் ஒரு பட்டை தந்தது. நப்பின்னை தன் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். கென்யாவில் தேயிலை பறிக்கும் செபெட் என்ற பெண்ணும் அதேபோல் ஒன்றைக் கட்டியிருந்தார். அவருக்கு வலிக்கும்போதெல்லாம் இவளுக்கும் வலிக்கும். அதை எழுதி அனுப்புவதுதான் ஆய்வு.

ஏழு மாதம் வலித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பின் நடுவே சட்டென்று நின்றுவிட்டது.

குணமாகிவிட்டாரா, செத்துப்போய்விட்டாரா? சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றே நப்பின்னைக்குத் தெரியவில்லை.

பேராசிரியர் மரியதாஸ் அவளுடைய பட்டையைச் சோதித்தார். "இதுல கோளாறு இல்லம்மா. படிவத்துல முன்னேற்றம்னு போட்டுடு."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. செபெட்டைக் காணொளியில் அழைத்தாள். முதுகில் கூடையோடு அவர் திரையில் வந்தார். மொழிபெயர்ப்புக் கருவி அவர் பேச்சைத் தமிழில் சொன்னது.

"அக்கா, வலி போயிடுச்சா?"

"எங்க போச்சு? ரொம்ப அதிகமாயிடுச்சு. அதான் பட்டையைக் கழட்டிட்டேன். பாவம், நீ எதுக்கு அனுபவிக்கணும்?"

நப்பின்னை திரைக்குக் கிட்டே குனிந்தாள். "திரும்பக் கட்டிக்குங்க அக்கா. எனக்குத் தெரிஞ்சாத்தானே உங்களுக்கு மருந்து வரும்?"

"ஏழு மாசமா கட்டியிருந்தேனே," என்றார் செபெட். "ஒண்ணும் வரலையே?"

நப்பின்னை திகைத்துப்போனாள். நேரே பேராசிரியரிடம் போனாள்.

"சார், அவங்களுக்கு யாரு மருந்து குடுப்பாங்க?"

அவர் கணினியில் பாடத்திட்டத்தை மேலும் கீழும் தள்ளித் தேடினார். பிறகு அவளை விட அதிகமாகக் குழம்பிப்போய் நிமிர்ந்தார்.

"அது நம்ம படிப்புல வரலையேம்மா."