பூனைக்கு மனசு சரியில்லை

பூனையின் வயிற்றில் முடி கொட்டியிருந்ததைப் பார்த்ததுமே கம்பவுண்டருக்குப் புரிந்துவிட்டது. தெள்ளுப்பூச்சி.

பிராணிகள் மருத்துவமனையில் பதினெட்டு வருஷ சர்வீஸ் அவருக்கு. பிடரியில் நாலு சொட்டு மருந்து விட்டால் தீர்ந்தது. டாக்டரம்மா என்னவோ பூனையைக் கொண்டுவந்த கணவன் மனைவியிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரியா சாப்பிடுதா?"

"என் தட்டுலேர்ந்தே எடுத்து ஊட்டுவேன் டாக்டர். என் செல்லம்!" பூனையின் தாடையைச் சொறிந்தபடி சொன்னார் கணவர்.

"நீங்க சொல்லுங்கம்மா. நாள் பூரா கூட இருக்கிறது நீங்கதானே?"

"அவளுக்கு என்ன தெரியும்?" அதற்கும் கணவரே பதில் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணையே பார்த்தபடி காத்திருந்தார்.

"சத்தம் கேட்டா மிரளுது டாக்டர்." அவள் குரல் எழும்பவே இல்லை. "கதவை அறைஞ்சு சாத்தினா உடம்பெல்லாம் நடுங்குது. சாயங்காலம் வாசல்ல வண்டி வந்து நின்னதும் சமையலறை மூலையில போய் ஒடுங்கிக்குது. அப்புறம் சோறே இறங்குறதில்லை."

"இதெல்லாம் நான் பார்த்ததே இல்லையே!" என்றார் கணவர்.

கம்பவுண்டரும் பார்க்கவில்லை. பூனை மேஜையில் காலை நீட்டிப் படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"பூனைங்க அப்படித்தான் சார்," என்றார் டாக்டரம்மா. "பயத்தை உள்ளேயே வெச்சுக்கும். ஒளிஞ்சுக்கும், சாப்பிடாது, உடம்பையே நக்கி நக்கி முடியைப் போக்கிடும். இதுக்கு மனப் பதற்றம்னு பேர்."

கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. "குணமாயிடுமா டாக்டர்?"

"உங்க கையிலதான் இருக்கு."

சீட்டு நிறைய எழுதினார். வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது. கதவை அறையக் கூடாது. சாமானைத் தூக்கி எறியக் கூடாது. ஒளிந்திருந்தால் இழுக்காமல், தானாக வரும்வரை விட்டுவிட வேண்டும். அமைதியான ஓர் அறையை ஒதுக்கி, கேட்காமல் யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரா வாரம் அம்மா மட்டும் கொண்டுவந்து காட்ட வேண்டும். இரண்டு பேர் வந்தால் மிரளும்.

சொட்டு மருந்து கடைசி வரியில் இருந்தது.

"வீட்டுல யார் சும்மா கத்துறா டாக்டர்? இவ ஏதாவது பண்ணித் தொலைச்சாத்தான்..."

"பூனைக்குக் காரணமெல்லாம் புரியாது சார். சத்தம் மட்டும்தான் புரியும்."

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "பாவம், வாயில்லா ஜீவன்!"

அடுத்த நாலு வாரமும் அவள் மட்டும்தான் பூனையோடு வந்தாள். டாக்டரம்மாவோடு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். ஐந்தாம் வாரம் கணவரும் கூடவே வந்துவிட்டார். வாயெல்லாம் பல்.

"டாக்டர், சொன்னா நம்ப மாட்டீங்க. வீட்டுல ஒரு சத்தம் இல்லை! கோபம் வந்தா செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துடறேன். நாங்க வீட்டைக் காலி பண்ணிட்டோமான்னு பக்கத்து வீட்டுல வந்து எட்டிப் பார்க்கிறாங்க!"

"முந்தாநாள் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுட்டேன் டாக்டர்," என்றாள் மனைவி. "இவர் துடைப்பம் எடுத்துக் கொடுத்தார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துக் கம்பவுண்டர் அன்றுதான் பார்த்தார்.

"முடியெல்லாம் முளைச்சாச்சு. இனிமே இந்தப் பத்தியத்தை விட்டுடலாமா டாக்டர்?" என்றார் கணவர்.

"ஐயையோ! விட்டா திரும்ப வந்துடும் சார். ஆயுசு பூரா கடைப்பிடிக்கணும்."

"பூனைக்காக இதுகூடப் பண்ண மாட்டேனா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மனைவிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனதும் கம்பவுண்டருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா. நாலு சொட்டுல போற தெள்ளுப்பூச்சிக்கு மனப் பதற்றம்னு பேர் வெச்சு, அந்த மனுஷனை இப்படிப் பயமுறுத்தலாமா? பூனைக்கு மனசுல ஒரு கோளாறும் இல்லையே!"

"இல்லைதான்."

"அப்போ அந்தம்மா நடுங்குது, ஒடுங்குதுன்னு சொன்னதெல்லாம்?"

"அது பூனையைப் பத்தின்னா நினைச்சீங்க?" டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "எனக்குப் பிராணிகளுக்கு மட்டும்தாண்ணே வைத்தியம் பார்க்க உரிமை. அதான், சீட்டைப் பூனை பேர்ல எழுதினேன்!"