சாக்லேட்டில் போட்டது

பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததும் சொர்ணம் உருளியை இறக்கி, கொக்கோப் பொடியைத் தூவிக் கிண்டினாள்.

வெண்ணெயும் கொக்கோவும் கலந்து, பழக்கமில்லாத ஒரு வாசனை கூடம்வரை போயிற்று. மந்தைவெளியில் அந்தத் தெருவில் அதற்குமுன் யார் வீட்டு அடுப்பிலும் சாக்லேட் ஏறியதில்லை.

கேட்டது பிள்ளை வீட்டார்தான்.

சொஜ்ஜி பஜ்ஜி தின்று அலுத்துவிட்டதாம். மாப்பிள்ளை ஆபீசில் துரைகளோடு பழகுகிறவர், சாக்லேட் என்றால் அவருக்கு உயிர், பெண்ணுக்கு அது செய்ய வருமா பார்க்கலாம் என்று மாம்பலத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சொர்ணத்தின் கணவர் ரகுபதி ஐயர் அன்றைக்கே மவுண்ட் ரோடுக்கு ஓடிப்போய்க் கொக்கோ டின்னோடு திரும்பினார். மனைவி ஒரு மாதமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

மாப்பிள்ளைக்கு நாற்பது தாண்டிவிட்டது. மூத்தாள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. மகள் சுப்புலக்ஷ்மிக்குப் பதினைந்து வயது, வகுப்பில் முதல் பெண்.

வரதட்சிணை வேண்டாம் என்கிற வரன் வீடு தேடி வந்தால் வயதையா பார்ப்பார்கள் என்பது ஐயரின் கட்சி. பெண்புத்தி பின்புத்தி என்று ஒரே போடாகப் போட்டு, பேச்சை முடித்துவிட்டார்.

ஈர மணல்மேல் வைத்து ஆறவிட்ட தாம்பாளத்தில் சொர்ணம் வில்லை போட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு மகள் அதை எடுத்துப் போனாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறக்காமலே இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். மாப்பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார். தாம்பாளத்தில் நெய் மினுமினுப்புதான் மிச்சம்.

பெண் பிடித்துவிட்டது என்றாள் அந்த அம்மாள். நாளையோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாம், வீட்டில் மூன்று குழந்தைகள் இருக்கின்றன, மூத்தவளுக்குப் பதினாலு, சித்தியும் அவளும் சேர்ந்து பாண்டி ஆடலாம் என்று சொல்லிச் சிரித்தாள். ஐயரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் சொர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இவ்வளவு மிருதுவா வந்திருக்கே, இதுல என்னெல்லாம் போட்டேள்?” என்று கேட்டாள் அந்த அம்மாள், விரலைச் சப்பிக்கொண்டே.

சொர்ணம் சமையலறை நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். பிள்ளை வீட்டார்முன் அப்படி வந்து நிற்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

“வெண்ணெய், சர்க்கரை, பால், கொக்கோ. அப்புறம் ஒரு ஆழாக்கு முட்டை. குழந்தை இதுல கை வைக்கலே, கிண்டினது நான்.”

அந்த அம்மாள் விரலை வாயிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள்.

“ஆழாக்கா?” என்றார் மாப்பிள்ளை.

என்னடா என்று அவர் அம்மா திரும்பினாள். ஒன்றுமில்லை என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. அந்த அம்மாள் கிணற்றடிக்கு ஓடி, தொண்டையில் விரலை விட்டு ஓங்கரித்தாள். கூட வந்த சித்தப்பா பூணூலைப் பிடித்துக்கொண்டு காயத்ரி சொன்னார். மாப்பிள்ளை மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார்.

முட்டை எங்கிருந்து வந்தது என்று ஐயர் குதித்தார். பட்டினப்பாக்கத்து மீன்காரியிடம் வாங்கினேன் என்றாள் சொர்ணம். அவர் தலையில் அடித்துக்கொண்டு சாஸ்திரிகளுக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் சாஸ்திரிகள் பஞ்சகவ்யம் கொடுத்தார். சொர்ணம் ஒரே மடக்கில் குடித்தாள்.

செய்யாத பாவத்துக்குத்தான் குடித்தாள். முட்டையை அவள் தொட்டதுமில்லை, உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அறிந்ததுமில்லை. பெண்ணுக்குக் கல்யாணமே ஆகாமல் போனாலும் போகட்டும், இந்தக் கல்யாணம் ஆகக்கூடாது. அவள் நினைத்தது அவ்வளவுதான்.

ஆனால் ஐயர் விடுகிற ஆள் இல்லை. பிராயச்சித்தம்தான் ஆகிவிட்டதே, மாம்பலம் போய்க் காலில் விழுந்தாவது வரனைத் திருப்புகிறேன் என்று அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சொர்ணம், குடித்ததெல்லாம் வீண்தானா என்று சமையலறையில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

சுப்புலக்ஷ்மி பக்கத்தில் வந்து, அம்மாவின் காதோடு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவள் சாந்தோம் ஃபிலோமினாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள்.

“அம்மா, முட்டையை ஆழாக்குல அளக்க மாட்டா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணித்தான் போடுவா.”

சொர்ணம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடம் நிறைய உட்கார்ந்திருந்தவர்களில் அது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே ஒருவர்தான் ஆழாக்கா என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்தபடி எழுந்து கூடத்துக்குப் போனாள். ஐயர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“தாராளமாப் போயிட்டு வாங்கோ. முட்டையை அளந்து போடறதா, எண்ணிப் போடறதான்னு மட்டும் மாப்பிள்ளையைக் கேட்டுண்டு வாங்கோ. அவருக்குத்தான் தெரியும்.”