முறை சொல்லிக் கொடுத்தவர்

"தக்ஷிகாவை என்னட்ட விட்டிட்டுப் போ, தர்மிகா. நான் வளக்கிறன்."

மாலினி சும்மா சொல்லவில்லை. லண்டன் வால்தம்ஸ்டோ வீட்டின் மாடியறையில் தங்கை மகளுக்கென்று புதுக் கட்டில்கூடப் போட்டிருந்தாள். சீனாவின் செங்டு நகரத்திலிருந்து தாயும் மகளும் நேற்றுத்தான் வந்திருந்தார்கள். தர்மிகாவின் கணவன் பிரதாபனுக்கு அங்கே வேலை இன்னும் சில வருடங்களுக்கு நீண்டிருந்தது.

"ஆறு வயசுப் பிள்ளையை விட்டிட்டு நான் எப்பிடி அக்கா இருக்கிறது?"

"நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுவியள். பிள்ளைக்கு எங்கட முறையளை ஆர் சொல்லிக் குடுக்கிறது? நாளைக்கு என்னையே ஆரெண்டு கேக்கும்!"

தர்மிகா தலை குனிந்தாள். அக்காவின் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. தக்ஷிகா தாயின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களுடைய அண்ணன் பிரவீணன் வந்தான். மாலினியின் மகன் சுஜீத், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "ஹாய் அங்கிள்" என்றான்.

"தாய்மாமனடா நான்! பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவனும் அங்கிள், நானும் அங்கிளோ?"

"வாங்கோ மாமா!"

சொன்னது தக்ஷிகா. இதுவரை நேரில் பார்த்திராத மாமா!

மாலினியின் கணவனும் வந்து உட்கார, மேசையில் சோறு வைத்தும் அவள் தொடவில்லை. "பெரியப்பா, சாப்பிடுங்கோ. பெரியம்மா, சாப்பிடுங்கோ. மாமா, சாப்பிடுங்கோ." எல்லோரையும் அழைத்து முடித்த பிறகுதான் கை வைத்தாள்.

மாலினியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. லண்டனில் பிறந்த எந்தப் பிள்ளையிடமும் அவள் இதைக் கண்டதில்லை.

"இதெல்லாம் நீ பழக்கினதோ?"

"எனக்கெங்க நேரம்? பிள்ளை பாக்கிற அன்ரிதான். எங்கட கலியாணப் படத்தை வச்சு, ஆர் ஆருக்கு என்ன முறையெண்டு என்னட்டக் கேட்டுக் கேட்டு இவளுக்குச் சொல்லிக் குடுத்தவ. மாமாவையும் பெரியப்பாவையும் ஒரே சொல்லால கூப்பிட்டா அவவுக்குப் பொறுக்காது."

"அட!"

"பச்சைத் தண்ணி குடிக்க விடமாட்டா, சுடுதண்ணிதான். செருப்போட உள்ள வந்தாப் பேச்சு விழும். இவள் பிறந்த நேரம் ஒரு மாதம் என்னைத் தலை முழுக விடேல்லை. காத்துப் படக்கூடாதெண்டு யன்னலைப் பூட்டிப்போட்டு, இஞ்சி போட்டுக் கோழிச்சாறு காய்ச்சித் தந்தவ."

மாலினிக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கோ ஒரு தூர தேசத்து அடுக்குமாடியில் இப்படியும் ஒருத்தியா!

"அசல் எங்கட ஊர் மனிசி! யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம்? வடமராட்சியோ, தீவோ?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி." தர்மிகா சிரித்தாள்.

"எந்த ஊரெண்டாலும் கும்பிடோணும். அப்பிடி ஒரு ஆள் இருக்கேக்க நான் என்னத்துக்கு? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. ஏலுமெண்டா இந்த சுஜீத்தையும் கொண்டுபோ!"

தக்ஷிகா துள்ளிக் குதித்தாள். அதே நேரம் தர்மிகாவின் போன் கிணுகிணுத்தது.

"அன்ரி!" என்று கத்தியபடி அதை எடுத்து, பெரியம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

திரையில் இருந்த சீனப் பெண்மணி மாலினியைக் கண்டதும் மரியாதையாகத் தலை தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள்:

"பெரியம்மா, சாப்பிட்டாச்சோ?"