ஹெலன் அக்காவின் கிடார்

ஹெலன் பிசியோதெரபிக்குப் போன நேரம் பார்த்துத்தான் அவள் கணவர் ஹெர்பர்ட் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அக்கா ஹெலனைப் பார்க்க வந்த கேரல் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலில் அக்காவின் கிடார் கிடந்தது. ஆறு கம்பிகளையும் கழற்றிப் போட்டுவிட்டு, மூக்கு நுனியில் கண்ணாடியோடு அதன் கழுத்தைக் குடைந்துகொண்டிருந்தார் மாமா.

பக்கத்தில் ஒரு கடையே விரித்திருந்தார். வெல்டிங் டார்ச் அடைத்தால் குத்தி எடுக்கிற சொரசொரப்பான பொடிக் கம்பிகள், பைக் மெக்கானிக் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகள், கண்ணாடித் துண்டில் ஒட்டிய உப்புத்தாள். போதாததற்கு அக்காவின் நக அரம் வேறு. பெங்களூரு அடுகோடியில் ஜன்னல் கிரில் பற்றவைக்கிற மனிதர் அவர். கிடாரைப் பற்றி, அதைத் துடைப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

"என்ன மாமா பண்றீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார் ஹெர்பர்ட்.

"சும்னே... சும்மா தொடச்சு வெக்கிறேம்மா."

"தொடைக்கிறதுக்கு அரம் எதுக்கு?"

ஹெர்பர்ட் அரத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். கேரலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்பு வந்த பக்கவாதம் அக்காவின் இடது கையைத்தான் பிடித்தது. பதினெட்டு வருஷம் லிங்கராஜபுரம் மாதா கோவில் கொயர் பாட்டுக்கு வாசித்த கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் ஒரு தரம் எடுத்துப் பார்த்தாள். கம்பி அமுங்கவே இல்லை. உறைக்குள் போட்டு மூடியவள் அதன்பின் சரியாகப் பேசுவதுகூட இல்லை. நேற்றுத்தான், "வர்ற ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட குடுத்துடுங்க. வாசிக்கிறவங்க வாசிக்கட்டும்" என்றாள்.

"ஃபாதருக்குக் குடுக்கவா இந்த வேலை? இல்ல, யாருக்காவது விக்கப் போறீங்களா?" கேரலின் குரல் உயர்ந்தது. "எரியிற வீட்டுல புடுங்கினது லாபம்னு இருக்கீங்களே மாமா!"

ஹெர்பர்ட் நிமிரவில்லை.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதே கேரல்."

அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. அக்கா வரட்டும், அவள் எதிரிலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே மாமா கம்பிகளை மாட்டி, ஃபோனைப் பார்த்துப் பார்த்துச் சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு பிரிஜெட் ஹெலனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுப் போனாள். கேரல் வாயைத் திறப்பதற்குள் ஹெர்பர்ட் கிடாரோடு வந்துவிட்டார்.

"ஹெலன், ஒரே ஒரு தரம் புடிச்சுப் பாரு. அப்புறம் குடுத்துடலாம்."

"வேணாங்க. விட்டுடுங்க."

"எனக்காக."

ஹெலன் மடியில் வாங்கிக்கொண்டாள். வலது கையால் இடது கையைத் தூக்கிக் கிடாரின் கழுத்தில் வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக இடம் தேடி உட்கார்ந்தன. மெல்ல மீட்டினாள்.

சுத்தமாக வந்தது சத்தம். அடுத்ததும் வந்தது. காணிக்கைப் பாட்டின் முதல் வரியைத் தட்டுத்தடுமாறி முடித்தேவிட்டாள்.

"பாத்தியா! கை வரும்னு டாக்டர் சொன்னாரில்ல? வந்துருச்சு பாரு!" ஹெர்பர்ட் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரு, காபி போடறேன்" என்று சமையலறைக்குள் போனார்.

கேரலுக்கு அப்போதுதான் விளங்கியது. கழுத்து நுனியில் கம்பி உட்காரும் பள்ளங்களை அராவி அராவி ஆழமாக்கி, மறுமுனையில் கம்பிகளைத் தாங்குகிற துண்டையும் தேய்த்து, கம்பிகளையே தாழ்த்தியிருக்கிறார். சீக்கு விரல் தொட்டாலும் அமுங்குகிற அளவுக்கு. இந்த மனிதரையா அப்படிப் பேசினோம் என்று கூசிப்போனாள். இனி இந்த ரகசியத்தை அவளும்தான் காப்பாற்ற வேண்டும்.

"ஆமாக்கா, கை நல்லாவே வந்துருச்சு" என்றாள்.

ஹெலன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கையின் காதருகே குனிந்தாள்.

"கை எங்கடி வந்துச்சு? கம்பிதான் எறங்கியிருக்கு. பதினெட்டு வருஷம் வாசிச்சவளுக்கு இது தெரியாதா? அவருகிட்ட சொல்லிடாதே. ரெண்டு மாசமா பாத்ரூம் குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுத மனுஷன், இன்னிக்குத்தான் சிரிச்சிருக்காரு."