மூன்று வாசல்

திரையில், பேக்கப் தொடங்கும் கிழமை என்ற கட்டம் காலியாக இருந்தது.

மேனேஜர் ஞானதாஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இந்த அறைக்கு அவர் வருவதில்லை. ஏசி ஆகாது என்பார்.

"ஞாயித்துக்கெழமைல இருந்து பேக்கப் ஓடுனாப் போதும்மா. அதுக்கு முந்தி வேண்டாம்."

இன்று வியாழன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்கு வந்து பதினெட்டு நாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று சர்வர்கள். ஸ்கேன் அறைக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. நோயாளிகளின் கோப்புகள் மூன்றிலும் தெரியும். இருப்பது ஒரே இடத்தில்தான். ஒரு வீட்டுக்கு மூன்று வாசல் வைத்த மாதிரி.

"அதான் மூணு எடத்துல இருக்குல்லா, பேக்கப் வேற எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டவர் அவர். அவள் விளக்கினாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதி எடுக்க, யாரும் எழுதாத நேரம் வேண்டும். அதைத் தேடித்தான், எந்தக் கோப்பை எப்போது தொட்டார்கள் என்ற சர்வர் பதிவைக் காலையில் திறந்திருந்தாள்.

இன்று காலை 9.10. ஸ்கேன் சர்வர். ஒரு கோப்பு திருத்தப்பட்டது.

9.16. வார்டு சர்வர். அதே கோப்பு.

9.21. ஆபீஸ் சர்வர். அதே கோப்பு.

இசக்கியம்மாள், வயது 26.

திங்கட்கிழமை பிரசவத்தில் இறந்துபோனவள்.

பிழையைத் திருத்துகிறவர் ஒருமுறை திருத்துவார்.

மூன்றும் வேறு வேறு வீடு என்று நினைத்த யாரோ, மூன்று வாசலுக்கும் நடந்திருக்கிறார்.

"டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு முன்னாடியே எதுவும் எடுத்து வச்சிருக்கியாம்மா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். கை மட்டும் நாற்காலியின் முதுகை விடவில்லை.

"இல்ல சார்."

அவர் பார்க்கவே ஞாயிறு என்று தட்டினாள். சேமித்தாள்.

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை அசையவில்லை.

பிறகு இழுப்பறையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். பேக்கப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, செவ்வாய் மதியம் ஒரேயொரு முறை எடுத்த பிரதி அதில் இருந்தது.

இசக்கியம்மாளின் இரண்டு கோப்புகளையும் திரையில் அருகருகே வைத்தாள்.

ஒரு வரிதான் வேறாக இருந்தது.

இன்றைய கோப்பில், டாக்டர் வந்த நேரம் மாலை 4.20.

செவ்வாய்க்கிழமைப் பிரதியில், இரவு 7.50.

டாக்டருக்குப் போன் செய்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான். 4.05.

கீழே ரிசப்ஷனில் இசக்கியம்மாளின் புருஷன் உட்கார்ந்திருந்தான். ரெக்கார்டு கேட்டவனிடம் சர்வர் ரிப்பேர் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அவன் போகவில்லை.

ஒரு மணி ஆனது.

தினமும் போல டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தினமும் போல மாடிப்படிக் கேமரா அவளைப் பார்த்தது.

மேலே அவள் மேசையில், திறக்காத டிபன் பாக்ஸ் இருந்தது. இழுப்பறை காலியாக இருந்தது.