தலைமாடு

கார் கவிழ்ந்த கர்க்கடகம். மலைகளை மறைத்துக்கொண்டு பகலெல்லாம் பெய்தது. ஓய்ந்த நாழிகையிலும் பலாமரங்கள் தம் இலைகளிலிருந்து பெய்துகொண்டிருந்தன. நெல்லும் கிழங்கும் அருகிப்போகும் அந்த மாதத்தில், பாறசாலைக்குத் தெற்கே உள்ள ஊர்கள் கதவடைத்து, பேச்சடங்கி, வானத்தின் இரக்கத்துக்குக் காத்துக் கிடக்கும்.

இரக்கத்தைப் பற்றி எண்ணும் நிலையில் சத்தியநேசன் அன்று இல்லை.

சபையின் மூத்த டீக்கனார் அவர். கல்லறைத் தோட்டத்தின் கதவை அவர் தள்ளித் திறந்தபோது, ஞானையன் இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். பலாமரத்தடியில், ஓலை போர்த்திய பெட்டிக்குள் அவன் மனைவி அம்மிணி கிடந்தாள். பெட்டியின் இருபுறமும் அவளுடைய தம்பிமார் நின்றார்கள்.

குழி வெட்டப்பட்ட இடத்தைக் கண்டதும் டீக்கனாரின் விரல்கள் குடைப்பிடியில் இறுகின.

அது முதற்கல்லின் அருகு. அந்த ஊரில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர் அவருடைய பாட்டனார். அந்தத் தோட்டத்தில் முதன்முதல் விதைக்கப்பட்டு, அந்தக் கல்லின் கீழே உறங்குபவரும் அவரே. அந்தக் கல்லைச் சுற்றிப் பத்தடிக்குள் மண்வெட்டி படலாகாது என்று தகப்பனார் விதித்திருந்தார். எழுபது ஆண்டுகளாகச் சபை அந்த மரியாதையைக் காத்து வந்தது.

“லேய் ஞானையா, மம்மட்டியக் கீழ போடு. பகவதிக்குத் தேங்கா ஒடச்சு, சபைப் புத்தகத்துல பேரு வெட்டுப்பட்டவளுக்குக் கர்த்தருக்க தோட்டத்துல எடமில்ல. மதிலுக்கு வெளிய, கைதை முள்ளுக்காட்டுல கொண்டு போடு.”

ஞானையன் நிமிரவில்லை.

“எங்க பிள்ளை அம்மை போட்டுக் கெடந்தப்போ எங்க வீட்டு நடைய நீரு மிதிச்சீரா? பெத்தவ, பயந்து போயி ஒடச்சா. கொடைய நல்லா பிடியும் வே. நனைஞ்சா உம்ம ஞானஸ்நானம் கரைஞ்சிரும்.”

தம்பிமாரில் ஒருவன் சிரித்துவிட்டான்.

டீக்கனார் குடையை எறிந்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். மண்வெட்டியின் பிடியை இருவரும் பற்றி இழுத்தார்கள். அறுபது வயதும் முப்பது வயதும் மார்போடு மார்பு மோதின.

அந்தப் பாரத்தில், மழை தின்றிருந்த பக்கச்சுவர் நீளச் சரிந்தது.

முதற்கல்லின் கீழே உறங்கியவர் வெளிப்பட்டார்.

அந்தத் தோட்டத்தில் எல்லாரும் மேற்கே தலைவைத்துக் கிடப்பவர்கள். கர்த்தர் கீழ்த்திசையில் தோன்றும் நாளில் அவர் திருமுகத்துக்கு நேரே எழ வேண்டும் என்பது சபையின் முறை.

பாட்டனாரின் தலை தெற்கே கிடந்தது. கால்கள் வடக்கே. சபைக்கு வருமுன் அவருடைய முன்னோர் கிடத்தப்பட்ட விதமாகவே. இடுப்பெலும்பின்மேல், பச்சை பூத்த செம்புத் தாயத்து ஒன்று.

அந்தப் பத்தடியைத் தகப்பனார் ஏன் விதித்தார் என்பது சத்தியநேசனுக்கு விளங்கிற்று. இந்தக் குழியை வெட்டி, உடலைக் கிடத்தி, மண்ணை மூடியவர் தகப்பனார்தாம்.

ஞானையனும் பார்த்தான். அவன் ஒரு குரல் கொடுத்தால் போதும். மேலே நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அவன் குரல் கொடுக்கவில்லை.

“அவளுக்குத் தலை எங்க வைக்கப் போற?” என்றார் டீக்கனார். குரலில் பகை தணியவில்லை.

“மேக்கதான். கர்த்தரு வரும்போ அவ நேரே எழும்பணும்.”

சத்தியநேசன் தோளில் கிடந்த நேரியலை எடுத்து எலும்புகளின்மேல் விரித்தார். சேற்றில் முழந்தாளிட்டு, வெறுங்கையால் மண்ணை அள்ளி அள்ளி மூடினார். பாட்டனாரைத் திருப்பிக் கிடத்தவில்லை. தாயத்தையும் எடுக்கவில்லை.

பிறகு கரையேறி, ஞானையனைப் பாராமலே பலாமரத்தடிக்குச் சென்றார். ஓலையை விலக்கி, சேறு படிந்த வலக்கையைப் பெட்டியின் தலைப்பக்கத்தில் வைத்தார்.

“சமாதானத்தோட உறங்கு, மக்களே. கர்த்தர் உன்ன முதல்ல எழுப்பட்டும்.”