இரண்டாவது குற்றம்

“வாயைத் திறந்து பாருங்க சார்! வண்டவாளம் எல்லாம் அங்கதான் இருக்கு” என்றார் குளிர்கிடங்கு முதலாளி.

“தாராளமாப் பாருங்க. எனக்கு என்ன ஒளிவு மறைவு?” என்ற மீன்காரி, தராசுத் தட்டை ஓசை எழ வைத்தாள்.

சந்தையின் வாசலை ஒட்டிய முதல் மேடை அவளுடையது. உள்ளே நுழைகிறவர் எவரும் அவள் மீனைப் பார்க்காமல் முதலாளியின் கடைக்குப் போக முடியாது. அந்த மேடையை விட்டுக்கொடுக்கும்படி இரண்டு வருடங்களாகக் கேட்டுச் சலித்தவர், இன்று காலையில் சுகாதார ஆய்வாளரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

ஒரு வாரத்துக்கு முந்தைய மீனை மருந்தில் ஊறவைத்து, இன்று பிடித்த மீன் என்று சொல்லி அவள் விற்கிறாள் என்பது புகார். அது நிலைத்து, கூடவே இன்னொரு குற்றமும் சேர்ந்துவிட்டால் மேடைக்கு முத்திரை விழும், உரிமமும் போகும். கணவன் விடியலில் கரை சேர்க்கும் மீனைத் தலையில் சுமந்துகொண்டு அவள் தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான்.

ஆய்வாளர் செவுளை விரித்துப் பார்த்தார், கண்ணை அழுத்திப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு?”

“மருந்து போட்டா அப்படித்தான் சார் பளபளன்னு இருக்கும். பொணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி! வாயைப் பாருங்கன்னு சொல்றேன்ல?”

ஆய்வாளர் பெரிய சங்கரா மீன் ஒன்றை எடுத்து, அதன் வாயை விரலால் பிளந்தார். மறுகணமே “ச்சீ!” என்று கையை உதறினார்.

“என்ன சார் ஆச்சு?”

“என்னமோ விரல்ல குத்துச்சுய்யா!”

நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், வெளுத்த நிறத்தில், பல கால்களுடைய பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. மீனின் நாக்கைப் பற்றிக்கொண்டு, அதன் இரத்தத்தை உறிஞ்சிப் பிழைக்கும் ஒட்டுண்ணி அது.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. வாரம் தவறாமல் அவளிடம் வாங்குகிற கண்ணாடிக்காரம்மா, தம் பையின் வாயைச் சுருட்டி மூடினார். “ஐயையோ, இதையா அக்கா என் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன்?”

முதலாளியின் பேச்சு எதுவும் சுடாத அவளை, அந்தக் கேள்வி சுட்டது.

“பார்த்தீங்களா! கரையோரத்து மீன்ல இந்தக் கருமம் இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். என் கடை மீன் வாயில இப்படி ஒண்ணைக் காட்டுங்க, இன்னைக்கே கடையை மூடிட்டுப் போறேன்!” என்று முதலாளி மார்தட்டினார்.

மீன்காரி குனிந்து மீனின் வாய்க்குள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எழுதுங்கய்யா.”

“என்னத்தம்மா எழுதச் சொல்ற?”

“கண்ணால பார்த்ததை எழுதுங்க. முதல்ல அவர் குடுத்த புகார். அடுத்தது இந்தப் பூச்சி.”

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். “உனக்குத்தாம்மா வம்பு. இது மனுஷனை ஒண்ணும் பண்ணாது. ஆனா சந்தை விதிப்படி குத்தம். ஒரு குத்தம்னா எச்சரிக்கையோட விட்டுடலாம், ரெண்டுன்னா சீல்தான். இந்த மீனைக் குப்பையில போட்டுடு. பூச்சியை நான் பார்க்கலைன்னு வச்சுக்கறேன்.”

“குப்பையில போட்டா, நான் தப்பு செஞ்சவள்னு ஆயிடும். போட மாட்டேன். ரெண்டையும் எழுதுங்க. அவரும் சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

“வீம்பு பிடிக்காத அக்கா” என்று கண்ணாடிக்காரம்மா கெஞ்சினார்.

“நான் பிடிக்காம வேற யாருங்க பிடிப்பா?”

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தானே வந்து மாட்டிக்குது பாருங்க சார்! எழுதுங்க, எழுதுங்க. ஒரு கையெழுத்து என்ன, ரெண்டாப் போடறேன்.”

ஆய்வாளர் அட்டையில் தாளைச் செருகி எழுதினார். முதலாளி சட்டைப் பையிலிருந்து தம் மைப் பேனாவை எடுத்து, முதல் குற்றத்துக்குக் கீழே ஒன்றும் இரண்டாவது குற்றத்துக்குக் கீழே ஒன்றுமாக, அகலமாகக் கையெழுத்திட்டார்.

“இப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்கய்யா” என்றாள் அவள்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒன்று: இறந்து ஒரு வாரம் ஆன மீனை, மருந்தில் ஊறவைத்து விற்றது. இரண்டு: அம்மீனின் வாயில்…”

அதற்குள் அவள் கத்தி நுனியால் பூச்சியை நெம்பி எடுத்து, அவர் படித்துக்கொண்டிருந்த தாளின் மேலேயே வைத்தாள். அது சற்று நேரம் சுருண்டு கிடந்தது. பிறகு கால்களை ஒவ்வொன்றாக விரித்து, முதலாளியின் ஈரம் உலராத கையெழுத்தின்மீது மெல்ல ஊர்ந்தது.

ஆய்வாளரின் வாசிப்பு நின்றது. முதலாளியின் சிரிப்பும் நின்றது.

“ஒரு வாரம் மருந்துல ஊறின பூச்சி, எப்படிங்க நடக்குது?”